சமர்ப்பிக்கிறேன்

சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் என் புருஷன் போனை எடுத்து, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், மன்னிப்பு மனு எழுதிவிடலாம் என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

இரண்டு வருடமாக நான் தலைகீழாக நின்று கேட்டும் மசியாத மனுஷன். ராஜாவுக்கு மனு போட்டால் செய்யாத தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரே பிடிவாதம். ராஜாவை அவமதித்தால் சிறை என்கிற சட்டத்தைத் திருத்துவோம் என்ற கட்சி தேர்தலில் ஜெயித்தபோது, இதோ வந்துவிட்டேன் என்று எனக்குக் கடிதம் எழுதினார். ஆட்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு கோர்ட் அந்தக் கட்சியையே கலைத்துவிட்டது. அப்போதும் மனு வேண்டாம் என்றார்.

அப்படி என்ன செய்துவிட்டார் என்று கேளுங்கள்.

என் புருஷன் விதூன் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். ராஜாவிடம் பேசவும் ராஜாவைப் பற்றிப் பேசவும் எங்களுக்குத் தனியாக ஒரு ராஜபாஷை உண்டு. அதில் இவர் புலி.

ராஜாவின் பிறந்தநாளுக்கு எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு பதாகை கட்டினார்கள். 'விசுவாசத்தைச் சமர்ப்பிக்கிறோம்' என்று போட்டிருந்தது. அது தப்பு. பூவைச் சமர்ப்பிக்கலாம், பழத்தைச் சமர்ப்பிக்கலாம். விசுவாசத்தைச் சமர்ப்பிக்க முடியாது, 'விசுவாசம் உடையோம்' என்றுதான் எழுத வேண்டும். வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொடுப்பார்.

அதைப் படம் பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு, ஃபேஸ்புக்கில் ஏற்றினார். அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு வரி வேறு எழுதினார்: 'இது தட்டில் வைத்துக் கொடுக்கிற பொருள் இல்லை. மனதில் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.'

அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்கு ஆறு வருடம்.

புகார் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்தது எங்கள் தெருவில் ஐஸ் விற்கிறவர். என் காபிக்கடைக்கு இன்றைக்கும் அவரிடம்தான் ஐஸ் வாங்குகிறேன், வேறு எங்கே போவது?

இப்போது மட்டும் என்ன திடீர் ஞானம் என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுக் கதவு உள்பக்கமா தொறக்குமா வெளிப்பக்கமான்னு நேத்து பூரா யோசிச்சேன், துக்தா. ஞாபகத்துக்கே வரல."

உள்பக்கம்தான் என்றேன். மழையில் உப்பிப்போய் முட்டித் தள்ளினால்தான் திறக்கிறது, அதைச் சரிபண்ணவாவது வந்து தொலையுங்கள் என்றேன்.

எனக்கு இந்த மனுஷன் வேண்டும். ராஜாவோ கோர்ட்டோ கட்சியோ, யார் கொடுத்தாலும் சரி. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்தில் இன்னொரு கை வேண்டும், சர்க்கரை அதிகம் போடாதே என்று நச்சரிக்க ஒரு வாய் வேண்டும்.

பார்க்கும் நேரம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. எழுது என்றார். சிறைக்கடையில் அவருக்கு வறுத்த மீன் வாங்கிய ரசீதைத் திருப்பி வைத்துக்கொண்டு, 'நான்' என்று ஆரம்பித்தேன்.

ராஜாவிடம் 'நான்' என்று ஒரு ஆளே கிடையாது, 'புத்தரின் அடிமை' என்று போடு என்றார். 'உங்களுக்கு' என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். 'திருவடித் தூளியின் கீழே' என்று எழுத வேண்டுமாம். ராஜாவை நேராகக் கூப்பிடக் கூடாதாம், அவர் காலடித் தூசியிடம்தான் பேச வேண்டுமாம். உன்னைப் போய் ஒரு இலக்கண வாத்தியாருக்குக் கட்டிவைத்தார்களே என்றார். காபி ஆற்றுகிறவளுக்கு இதெல்லாம் எந்தக் காலத்தில் தெரிந்தது?

ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கரும்பலகை முன்னால் நிற்கிற அதே முகம். அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! வேண்டுமென்றே இரண்டு தப்புக் கூடுதலாகச் செய்தேன்.

கடைசி வரிக்கு வந்தோம். மனு எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். வாய் தவறி நானே சொல்லிவிட்டேன், 'விசுவாசத்தைச் சமர்ப்பிக்கிறேன்' என்று.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று காத்திருந்தேன்.

"அப்படியே இருக்கட்டும்."

"தப்பாச்சேங்க."

"தெரியும். எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க. நீயும் எழுதிரு."

ஆறு வருடம் என்று தீர்ப்பு வாசித்தபோதுகூட நிமிர்ந்து நின்றவர். இப்போது மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுதினேன்.

மணி அடித்தார்கள். எப்போது அனுப்புவாய் என்று அவசரமாகக் கேட்டார். நாளைக்கே என்றேன். அப்படியானால் வருகிற சொங்க்ரான் திருவிழாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் ஊற்றி விளையாடலாம் என்றார். அந்தக் கதவை யாரையும் விட்டுச் சரிபண்ணிவிடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வெளியே பேருந்துக்கு நிற்கும்போது, ரசீதை உள்ளே வைக்கக் கைப்பையைத் திறந்தேன். பாங்காக்கிலிருந்து திங்கட்கிழமை வந்த கடிதம் அதில் இருந்தது.

பெண்டாட்டியும் மனு போடலாம் என்று யாரோ சொல்ல, போன வருடம் அவருக்குத் தெரியாமல் நானே ஒன்று எழுதிப் போட்டிருந்தேன். 'நான்' என்றும் 'உங்களுக்கு' என்றும் எழுதினேன். அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றுதான் கடிதம். ஒருமுறை தள்ளுபடியானால் இரண்டு வருடத்துக்கு அவரும் போட முடியாது, நானும் போட முடியாது.

இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருந்தேன்.