மறுத்துப் பேச ஆளில்லை

பெரியவர் நுழைந்ததும், சலூனில் காத்திருந்த பதினேழு பேரும் பெஞ்சில் தீப்பிடித்ததுபோல் எழுந்து வழிவிட்டார்கள். பாதி மீசை எடுத்தவர்கூட நுரையோடு நாற்காலியைவிட்டுக் குதித்தார்.

"ஏம்பா, பாதி மீசையோட எங்க போற?"

"பரவாயில்லீங்க! மீதி தானா உதிர்ந்துடும்."

பெரியவர் அலுப்புடன் உட்கார்ந்தார். கடைக்காரர் துணியைப் போர்த்தினார்.

"ஒரு வாரமா இதே கூத்துதான் தம்பி. கேரம் ஆடப் போனா, வேணும்னே தோக்குறாங்க. பக்கத்துல போய் நின்னா, பேச்சை நிறுத்திட்டுக் கையைக் கட்டிக்கிறாங்க. சும்மா ரெண்டு வார்த்தை பேச ஒரு ஆள் இல்ல."

"உங்க மேல அவ்வளவு மரியாதைங்க."

"பயம்ப்பா! என் சந்தோஷத்துக்கு, எதுக்காவது ஒரே ஒரு தடவை 'மாட்டேன்'னு சொல்லேன்."

கடைக்காரர் கைகட்டி நின்றார். "நீங்க உத்தரவு போட்டா, உடனே சொல்லிடறேங்க."

பெரியவர் கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தார். அதில் வேறு யாரும் இல்லை. பதினேழு பேரும் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார்கள்.

"போன வாரம் எல்லா ஊர் வானத்துலயும் ஒரே நேரத்துல முகத்தைக் காட்டியிருக்கவே கூடாது" என்றார் கடவுள்.