தண்ணீர் கேன்காரருக்குத் திறந்த கதவு

எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியைத் தொட்டால், தொட்டவரின் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் சின்னத் துண்டுகளை எண்ணிப் பார்த்து, இரத்த உறவு என்றால்தான் கதவு திறக்கும். மருமகளான எனக்குத் தனி அனுமதி. அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

நேற்றுக் காலை தண்ணீர் கேன் போட வந்த புது ஆள் தவமணி, தோளில் கேனோடு கைப்பிடியைப் பிடித்தார்.

“தந்தைவழி உறவு. உள்ளே வரலாம்” என்றது கதவு.

“நான் ஒண்ணும் பண்ணலைம்மா. தானாத் திறந்துக்கிச்சு” என்றார் அவர், பயந்துபோய்.

நான் என் கணவரைத்தான் முறைத்தேன். ஆனால் தவமணிக்கு அவரைவிட ஐந்தாறு வயதாவது கூட இருக்கும். என் பார்வை மெல்ல மாமனார் பக்கம் திரும்பியது.

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “உங்கம்மாவுக்கு எந்த ஊருப்பா?”

“திருமங்கலங்க. அங்க மில்லுல வேலை பார்த்தாங்க.”

மாமா டிவி சத்தத்தைக் கூட்டினார். தவமணி கேனை இறக்கிவைத்துவிட்டுப் போனதும் நான் வேண்டுமென்றே கேட்டேன்.

“கதவு கெட்டுப்போச்சு போல மாமா. மாத்தச் சொல்லட்டுமா?”

“கதவு நல்லாத்தான் இருக்கு” என்றார். “தண்ணி போடுற ஆளை மாத்து.”