நான்காம் போத்தல்

செவ்வாய், மாலை வகுப்பு, பிரிக்ஃபீல்ட்ஸ்.

கரைப்பானில் கரைந்த பாலிமருக்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பாலிமர் தானாகவே கூடி நுண்துகள்களாகும். தெளிந்த கரைசல் பால்போல் வெளுக்கும். இன்று நான்கு போத்தல்களும் வெளுத்தன. ஆனால் நான்காவதில் நான் பாலிமர் போட மறந்திருந்தேன். அதற்கென்று எடைபோட்டு மடித்து வைத்த பொட்டலம் மேசையிலேயே கிடந்தது. என் மேலேயே சந்தேகம் வந்து, மறுபடி எடைபோட்டேன். பத்து மில்லிகிராம், குறையவில்லை. ‘பாலிமர்: இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

விரிவுரையாளர் கமலநாதன் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “வெறும் தண்ணி பாலாகுதுன்னா நீ ஏன் இங்க படிக்கிற? போய் தே தாரிக் டீக்கடை போடு லா.”

வகுப்பே சிரித்தது.

“சார், பொட்டலத்தப் பாருங்க.”

“லேப் புக்ல பொய் எழுதினா ஃபெயில்தான், நிரஞ்சனி. மாத்தி எழுது.”

குறிப்பேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “மாத்த மாட்டேன் சார். நீங்களே செஞ்சு பாருங்க.”

புதுப் போத்தல் ஒன்றில் அவரே கரைப்பானை மட்டும் ஊற்றினார். தண்ணீர் விட்டார். ஆறாவது சொட்டில் அது வெளுத்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பேனாவைப் பிடுங்கி, என் குறிப்பேட்டில் ‘பாலிமர்: பத்து மில்லிகிராம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பேனாவைத் திரும்ப வாங்கி, அந்த வரியை அவர் கண்முன்னே அடித்தேன். பேனா தாளைக் கிழித்தது.

அவர் திட்டவில்லை. தன் போத்தலை இறுக மூடி, கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினார். அது இன்னும் வெளுத்துக்கொண்டிருந்தது.