ஸ்ராட்டருக்கு வந்த வருத்தம்

அறுபதாம் கலியாணத்துக்கு மண்டபத்து வாசலால் நுழைவது பரமானந்தத்தின் தகுதிக்குக் காணாது. ஆகவே கடலால் வந்து இறங்குவதென்று முடிவு. குளிர்நாட்டு ஹோர்சன்ஸ் நகரத்தின் கடலோர மண்டபத்தடியில் வீடியோக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

படகு மன்னார்க்காரர் நீக்கிலாசுடையது. நாலு பேர் போகிற படகு, முப்பது வயது மெசின், நாலே நாலு லைஃப் ஜக்கெற். அதில் ஒன்று பிள்ளைகளுக்கானது.

பட்டுடுத்துப் படகுத்துறைக்குக் கார்களில் வந்து இறங்கியவர்கள் ஒன்பது பேர், மூன்று வயதுப் பேத்தியோடு சேர்த்து.

“அண்ணை, ரெண்டு மூண்டு தரமாப் போவமே? தண்ணியும் ஐஸ் மாதிரிக் கிடக்கு,” என்றார் நீக்கிலாஸ்.

“நல்ல நாளும் அதுவுமா குடும்பத்தைப் பிரிக்கப் பாக்கிறியோ? அபசகுனமாக் கதைக்காதை!” என்று பாய்ந்தார் பரமானந்தம்.

நீக்கிலாஸ் பேத்திக்குச் சின்ன ஜக்கெற்றை மாட்டிவிட்டார். பரமானந்தம் அதைக் கழற்றி எறிந்தார். பட்டுப்பாவாடை வீடியோவில் தெரிய வேண்டாமா?

எல்லோரும் ஏறியாயிற்று. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்தான் மிச்சம். நீக்கிலாஸ் ஒரு கையைக் கியர்ப் பிடியில் வைத்தபடி சாவியைத் திருப்பினார்.

ஒரு சத்தமும் இல்லை.

“பற்றரி செத்துப்போச்சு,” என்று தீர்ப்புச் சொன்னார் பரமானந்தம். முப்பது வருடமாகக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கியவர். மெசினைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

நீக்கிலாஸ் மீற்றர் வைத்துப் பார்த்தார். பற்றரி நல்ல சுகம்.

“அப்ப வயர் முனை கறள் பிடிச்சிருக்கும். சுரண்டு!”

சுரண்டினார்.

“பியூஸைப் பார்!”

கழற்றிக் காட்டினார். புதுசு.

“ஸ்ராட்டரில ஒரு தட்டுத் தட்டு!”

மிகவும் பணிவாகத் தட்டினார். மறுபடி கியர்ப் பிடியில் கை, மறுபடி சாவி. மெசின் மௌனவிரதம்.

“கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணேலாதே?”

“அதுவும் இறுகிக் கிடக்கு அண்ணை.”

முக்கால் மணி நேரம் போயிற்று. மண்டபத்திலிருந்து ஐயர் நாலாம் தடவை போன் அடித்தார். நல்ல நேரம் முடியப் போகிறதாம்.

“மேக்கப் கரையுதப்பா! காரிலயே போவம்,” என்றார் மனைவி தங்கராணி.

பரமானந்தத்துக்கு வந்ததே கோபம்!

“மன்னார்க் கடலில பிறந்து வளர்ந்தவராம்! ஒரு ஸ்ராட்டர் திருத்தத் தெரியேல்லை. மண்டபம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறன் பார்!”

நீக்கிலாஸ் தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டார். முதலில் பேத்தியை.

கார் வரை போன பிறகுதான் பரமானந்தத்துக்குச் சால்வையைப் படகில் விட்டது நினைவு வந்தது. திரும்பி வந்தார்.

மெசின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

“டேய்! இப்ப மட்டும் எப்பிடியடா?”

“கியரை நியூட்ரலுக்கு எடுத்தன் அண்ணை. கியரில கிடந்தா ஸ்ராட்டரும் வேலை செய்யாது, கயிறும் இழுபடாது. பாதுகாப்புக்கு அப்பிடிச் செய்து வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப இவ்வளவு நேரமும் தெரிஞ்சுகொண்டே...?”

நீக்கிலாஸ் காலடியில் கிடந்த சின்ன ஜக்கெற்றை எடுத்துத் தட்டி மடித்து வைத்தார். பிறகு சால்வையை நீட்டினார்.

“நான் ஏலாதெண்டு சொன்னா அபசகுனம். மெசின் சொன்னா வெறும் பழுதுதானே, அண்ணை.”