ஜெஸீமா கட்டிய ஸ்கார்ஃப்

திங்கட்கிழமை காலை ஜெஸீமா தலையை மூடி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். பக்கத்து மெஷினில் இருந்த வசந்தமலருக்கு ஒரு கணம் ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லை.

அப்டன் பார்க்கில் ஒரு தையல் பக்டரி. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர். ஜெஸீமா தொழுவாள், நோன்பு பிடிப்பாள். ஆனால் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஸ்கார்ஃப் கட்டி யாரும் கண்டதில்லை.

போன மாதம் அவளுடைய மகள் ருசைனா, பதினைந்து வயதுப் பிள்ளை, இனி ஸ்கார்ஃபோடுதான் பள்ளிக்கூடம் போவேன் என்று நின்றாள். முதலில் எதிர்த்ததே ஜெஸீமாதான். ஈராக்கில் சண்டை நடக்கிறது, ரோட்டில் போகிறவன் எல்லாம் முறைத்துப் பார்க்கிறான், இந்த நேரத்தில் இது தேவையா என்று வசந்தமலரிடம் சொல்லி அழுதவள்.

அப்படிப்பட்டவள் இப்போது தானே கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

தேநீர் நேரத்தில் பேச்சு எழுந்தது. புருஷன் வற்புறுத்தியிருப்பார் என்றாள் ஒருத்தி. பள்ளிவாசலில் யாரோ மனதை மாற்றிவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. வசந்தமலர் மறுத்துப் பேசவில்லை. இனி இவள் எங்களோடு ஒட்டமாட்டாள் என்று அவளுக்கும் பட்டது. அந்தக் கிழமை முழுக்க மத்தியானச் சாப்பாட்டை வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளியே வரும்போது, மனம் கேட்காமல் கேட்டுவிட்டாள்.

“மகளோட அவ்வளவு சண்டை பிடிச்சனீர். இப்ப நீரே கட்டிட்டீர். ஆர் உம்மை மாத்தினது?”

 ஜெஸீமா நடந்துகொண்டே சொன்னாள். பஸ் தரிப்பில் ஒருவன் ருசைனாவின் முகத்தில் துப்பியிருக்கிறான். வரிசையில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. கழற்றிவிடு என்று இவள் கெஞ்சியும் பிள்ளை கேட்கவில்லை. அதனால் இப்போது ஒவ்வொரு நாள் காலையும் மகள் பஸ் ஏறும்வரை இவளும் கூடப் போய் நிற்கிறாள்.

“துணைக்குப் போறது சரி. அதுக்கு நீரும் கட்டவேணுமே?”

“எனக்கு இப்பவும் இதில விருப்பமில்லை, மலர். வெறுந்தலையோட நிண்டா அவங்கள் என்னைப் பாக்கமாட்டாங்கள். அவளைத்தான் பாப்பாங்கள்.”

ஜெஸீமா கோட்டின் கொலரை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

“இண்டைக்குக் காலமையும் ஒருத்தன் துப்பினவன். என்னிலதான் பட்டது. பிள்ளையில ஒரு துளியும் படேல்லை.”