கேட்டும் திரும்பாதவர்

செத்துப்போன தனிஸ்லாஸ் பொத்தானை அமுக்கினார்.

ஆதிராவின் கணினித் திரையில், அவர் பெயருக்கு எதிரே சாம்பல் நிறமாகக் கிடந்த புள்ளி பச்சையானது.

கடித்த பழம்பொரியை அவள் அப்படியே தட்டில் வைத்தாள். வாயில் இருந்ததை மெல்லவும் மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. திருவனந்தபுரத்தில், பொருளாதாரத் துறையின் அறையில் அந்தப் பிற்பகல் அவளும் நெறியாளர் குரியாக்கோஸ் சாரும் மட்டும் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்கு எந்த ஓட்டலில் மீன்கறிச் சாப்பாடு சொல்லலாம் என்று சார் ஜன்னலோரம் நின்று போனில் பெரிய ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியில்கூட அவர் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

ஆய்வு ஒரே ஒரு கேள்வி. புயல் வருமுன் எச்சரிக்கை கிடைத்தால் மீனவர் கரையிலேயே தங்குவாரா?

கரையிலுள்ள மாதா கோயில் முற்றத்தில் சீட்டுக் குலுக்கி, பெயர் விழுந்த வள்ளக்காரர்களுக்கு ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். செல்போன் எட்டாத கடலிலும் வேலை செய்யும், பேசவும் முடியும். எச்சரிக்கை வந்தால் வீறிட்டுக் கத்தும், இங்கே புள்ளி சாம்பலாகும். பொத்தானை அமுக்கினால் கத்தல் நிற்கும், புள்ளி பச்சையாகும். பச்சை என்றால் அவர் கேட்டுவிட்டார் என்று அர்த்தம்.

போன வருடப் புயலில் மற்ற வள்ளங்கள் இறங்குவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. யாரும் இறங்கவில்லை. தனிஸ்லாஸ் மட்டும் முன்னதாகவே போயிருந்தார். அவர் புள்ளியும் பச்சையானது. ஆனால் அவர் திரும்பவில்லை. வள்ளத்தின் பலகை ஒன்றுதான் கரை ஒதுங்கியது.

கேட்ட மனிதர் ஏன் திரும்பவில்லை? அதை வைத்து ஆதிரா ஒரு அத்தியாயமே எழுதினாள். வலையில் மீன் விழுந்துகொண்டிருந்தால் மனிதன் உயிரைக்கூடக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறான் என்று விளக்கினாள். துறையில் எல்லாரும் சபாஷ் போட்ட அத்தியாயம் அதுதான். எப்படியோ அது கரைக்கும் போய்ச் சேர்ந்தது. தனிஸ்லாஸுக்குப் பேராசைக்காரன் என்று பெயர் விழுந்தது.

துக்க வீட்டில் போய்க் கேள்வி கேட்க வேண்டாம் என்று சார் தடுத்துவிட்டதால் அவள் அந்த வீட்டுப் படி ஏறவேயில்லை.

ஆனால் தனிஸ்லாஸ் அவளை விடவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் போதும், வந்து உட்கார்ந்துவிடுவார். "கேட்டீங்கதானே, ஏன் வரல?" என்று மனசுக்குள் கேட்பாள். சத்தியமாக அவளுக்கு அவரிடம் பயமாக இருந்தது.

ஆய்வில் ஒருமுறை சேர்ந்த பெயரை, ஆளே போனாலும் நீக்கக் கூடாது. அது விதி. கருவி வள்ளத்தோடு மூழ்கிவிட்டது என்றுதான் எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள்.

போன வருடத்துக்குப் பிறகு இன்றுதான் மறுபடி ஒரு புயல் எச்சரிக்கை போயிருக்கிறது.

அந்தப் பெயரை அழுத்தினாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாரு?" என்றாள்.

"நான் ஜசிந்தா. தனிஸ்லாஸோட பொண்டாட்டி. ஆதிரா மோளா பேசறது?"

"சேச்சி... இந்தக் கருவி கடல்ல போயிடுச்சுன்னுல்ல நெனச்சோம்!"

"கடலுக்கா? நல்லாக் கேட்ட போ! வெல கூடுன சாமான், பத்திரமா வச்சுக்கணும்னு நீதானே மோளே படிச்சுப் படிச்சுச் சொன்ன. ஏசுவோட திருஇருதயப் படத்துக்குக் கீழ துணி போட்டு மூடி வச்சிருக்கோம். ஒரு கீறல் விழல. உப்புத் தண்ணி பட்டுடும்னு அவரு ஒரு நாளும் கொண்டு போனதில்ல."

"அப்ப அன்னைக்கு அமுக்கினது..."

"நான்தான். இல்லாட்டி நிக்காமக் கத்துமே, தொட்டில்ல புள்ள முழிச்சுக்காதா? அமுக்கிப் போட்டுட்டுக் கரைக்கு ஓடினேன். வள்ளம் கண்ணுக்கே தெரியல." ஜசிந்தாவின் குரல் இறங்கியது. "உங்க புஸ்தகத்துல அவர என்னமோ எழுதியிருக்காமே. அவரு கேக்கவே இல்ல, மோளே."

கேட்கவே இல்லை. பேராசையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆதிராவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அத்தியாயம் போனால் போகட்டும், பட்டமே போனாலும் போகட்டும். அவரிடம் இனிக் கேட்க எதுவுமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் மற்ற பெயர்களும் வரிசையாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன.

"சேச்சி, மத்த வீட்டுலயும் இப்படித்தான் வச்சிருக்காங்களா?"

"பின்ன? எல்லா வீட்டுலயும் இப்பத்தான் கத்தி ஓஞ்சுது. பொம்பளைங்க நாங்க அமுக்கியாச்சு. ஆம்பளைங்க ஒருத்தர் பாக்கியில்லாம விடியுமுன்னயே கடலுக்குப் போயாச்சே. கோயில் மணியாச்சும் அடிப்போம்னு எல்லாரும் ஓடிட்டிருக்கோம், மோளே."

இணைப்பு அறுந்தது.

சார் போனை வைத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் சாம்பல் நிறம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை.

"அடடா, ஒருத்தர் விடாம கேட்டுட்டாங்களே!" என்றார். "நாளைக்கு இதையும் சேத்துக் காட்டிடு, ஆதிரே."