தீ மிதிக்காத வருஷம்

“கட்டி கிட்டி ஒண்ணும் இல்லை. ஃபாரத்துல கையெழுத்தப் போடுங்க டாக்டரம்மா,” என்றார் கோவிந்த்.

பக்கத்தில் அவர் மனைவி சரோஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருக்கு டாக்டரம்மா. மாரிலே. மூணு மாசமா வளருது.”

“வாயை மூடுடி!”

அந்தத் தீவு நாட்டின் நகாசி என்ற ஊரில், கிளினிக்கில் விசாவுக்கான உடம்புச் சோதனை. அந்த இரண்டாயிரமாவது வருஷம், துப்பாக்கியோடு ஒரு கும்பல் பார்லிமெண்டில் புகுந்து ஆட்சியைப் பிடித்த வாரமே கோவிந்த் வீட்டிலும் ஆட்கள் புகுந்து மாட்டை ஓட்டிப் போனார்கள். கரும்பு நிலத்தின் லீசும் முடிந்துபோனது. ஆக்லாந்திலிருந்து மகன் ஷாலேஷ் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விசா கேட்டிருந்தான். ஒருத்தருக்கு நோய் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் கிடையாது என்று ஊரில் பேச்சு.

காகிதம் என்றாலே கோவிந்துக்கு ஆகாது. கூலி ஒப்பந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி வந்த தாத்தா கரும்புக் காட்டிலேயே செத்தார். எப்படியாவது சரோஜ் விமானம் ஏறிவிட வேண்டும். அப்புறம் கட்டி என்ன செய்தாலும் செய்யட்டும்.

மெட்ராஸ்காரரான டாக்டர் ஜெயலட்சுமி பேனாவைக் கீழே வைத்தார். “தினம் ஏதாவது மாத்திரை உண்டா?”

கோவிந்த் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். சரோஜ் அந்தக் கையை விலக்கி, உள்ளேயிருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். “ஆறு வருஷத்துக்கு முந்தி மெட்ராஸ்ல கிட்னி மாத்தினப்போ குடுத்தது.”

டாக்டரின் முகம் மாறியது. “இது உடம்போட எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை. சாப்பிடுறவங்கள்ல எங்கேயோ ஒருத்தருக்கு மாரிலே புற்றுநோய் வரலாம். சீக்கிரம் பார்த்தா வைத்தியம் இருக்கு.”

“சாமி குத்தம்னு நெனைச்சேன்,” என்றாள் சரோஜ். “இருபது வருஷமா மாரியம்மனுக்குத் தீ மிதிச்ச மனுஷன். இந்த வருஷம் பூசாரி கூப்பிட்டும் சட்டையோட ஓரமா உட்கார்ந்துட்டார்.”

டாக்டர் கோவிந்தைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்தார். “பொண்டாட்டி உசிரைவிட விசா பெரிசாப் போச்சா உங்களுக்கு? வெளியே போய் உட்காருங்க.” திரையை இழுத்தார். “அம்மா, நீங்க வந்து படுங்க.”

சரோஜ் நகரவில்லை. கோவிந்தின் முதல் பொத்தானில் கை வைத்தாள்.

“கிட்னி குடுத்தவதான் நான், வாங்கினவர் இவர். ஏங்க, சட்டையைக் கழட்டுங்க.”